நல்ல கால்

மேலப்புதூர், திருச்சி
12-8-1976

இயேசு மரி சூசை துணை

பாசமுள்ள தங்கை ரோசரிக்கு அண்ணன் பிலோமின்ராஜ் ஆசியுடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறிய செய்தி கிடைத்தது. அங்கே தண்ணீர் வருகிறதா, அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு இன்னும் என் மேல் கோபம் தீரவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெண்ணின் கால்விரல் இடுக்கில் ஊசி போட்டு, மேல்பாதத்தைக் கீறி, நீலச் சாயம் ஏற்றி அனுப்பினாயே என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்கள். கோயிலில் நீ வெள்ளை சாக்ஸ் போட்டு நின்றதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் நாகரிகமான பெண் என்று பேசிக்கொண்டார்களாம். உள்ளே இருந்த நீலக் கால் நமக்குத்தானே தெரியும்.

நீ செய்தது சாதாரண உதவி இல்லை ரோசரி. யானைக்கால் வந்தவர்களின் உடம்பில் நிணநீர்க் குழாய்கள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று படம் எடுக்கத்தான் டாக்டர் தாயுமானவன் புத்தூரில் இந்த லேபையே ஆரம்பித்தார். கெட்ட காலை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல கால் ஒன்று வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு படம் இருக்கிறது. அதில் குழாய்கள் நூல் பிடித்தது மாதிரி நேராகப் போகின்றன. டாக்டர் அதை ஒப்புக்கொள்வதில்லை. "சேத்துல கால் வைக்காத வெள்ளைக்காரனை வச்சு நம்ம காலை அளக்கக் கூடாது பிலோமின். நம்ம ஊர் நல்ல கால் வேணும்" என்பார். யார் நல்ல காலைக் கீறக் கொடுப்பார்கள்? நீ ஒருத்திதான் கொடுத்தாய்.

உன் இடது காலின் படத்தை வெளிச்சப் பெட்டியில் நிரந்தரமாக மாட்டிவிட்டோம். இனி யார் வந்தாலும் அவர்கள் படத்தை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்போம். உன் கால் மாதிரி இருந்தால் நோயில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்
பிலோமின்ராஜ்

ஜோலார்பேட்டை
3-9-1976

அன்புள்ள அண்ணனுக்கு ரோசரி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆசை. அடுப்பு புகைகிறது, தண்ணீர் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்டுவிட்டு வரும்போது கண்ணைத் தவிர எல்லாம் கறுப்பு. அவர் கரிக்கால், நான் நீலக்கால், எங்களை விட்டால் இந்த வரிசையில் பொருத்தமான ஜோடி கிடையாது. சாயம் இப்போது மங்கிவிட்டது. கீறின இடத்தில் மட்டும் ஒரு பொட்டு மாதிரி இருக்கிறது. ஷெட்டில் எல்லோரிடமும் "என் சம்சாரத்தோட கால் படம் திருச்சியில மாட்டியிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார். யாரோ அவளென்ன சினிமாக்காரியா என்று கேட்டார்களாம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். அசையாமல் படுத்துக் கிடந்தது நான், மூக்கு அரித்தபோது உங்களைச் சொறியச் சொல்லிக் கெஞ்சியது நான், மறுநாள் நீலமாக ஒன்றுக்குப் போய்ப் பயந்ததும் நான். ஆனால் படத்தை எனக்கு இதுவரை காட்டவில்லை. இருட்டறையில் காய்கிறது என்றீர்கள், அதற்குள் கல்யாண வேலை வந்துவிட்டது. என் காலை ஊரே பார்க்கிறது, நான் பார்க்கவில்லை. என்னோடு யார் யாரை வைத்துப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

தங்கை
ரோசரி

திருச்சி
20-2-1977

பாசமுள்ள ரோசரிக்கு, அண்ணன் ஆசியுடன். இங்கே எல்லோரும் கர்த்தர் கிருபையால் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து போகிறது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நம் லேபில் இருட்டறை வேலை பார்க்கும் கலீலைத் தெரியுமல்லவா? அவரும் பெரிய மனது பண்ணிக் காலைக் கொடுத்தார். கழுவி மாட்டினால் அப்படியே உன் படம். டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாத்தியா, நம்ம ஊர்க் கால்னா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

யார் யார் வந்தார்கள் என்று கேட்டாயே. போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கநாயகி என்று ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம் சின்னவள். அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்கிறார். அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. வலது காலில் படம் எடுத்தோம். உன் படத்தின் பக்கத்தில் மாட்டியதும் டாக்டர் எழுந்தே போய் அவள் அப்பாவிடம் "ஒன்னுமில்லைங்க, நல்ல கால்" என்றார். யானைக்கால் மாத்திரை வீணாக எதற்கு என்று கொடுக்கவில்லை. மனிதர் கைகூப்பியபடியே நின்றார், பெண்ணுக்கு வரன் பார்க்கிறாராம். நான் அவளிடம், "என் தங்கச்சி காலும் இதேதாம்மா. நீங்க ரெண்டு பேரும் செருப்பைக்கூட மாத்திப் போட்டுக்கலாம்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நல்ல கால் என்று முடிவான படங்களை நாங்கள் சேர்த்து வைப்பதில்லை. எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறது. கலீல் வருடக் கடைசியில் வெள்ளி பிரிக்கிறவரிடம் போட்டுவிடுவார். ஆராய்ச்சிக்குக் கெட்ட கால்தான் வேண்டும், நல்லதற்கு உன் படம் ஒன்று போதும்.

அன்புடன்
பிலோமின்ராஜ்

ஜோலார்பேட்டை
9-7-1977

அன்புள்ள அண்ணனுக்கு ரோசரியின் வணக்கம். அம்மாவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்லுங்கள் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அவர் நலம்.

நான் நலம் என்று எழுதிவிட்டுக் கடிதத்தை முடித்திருப்பேன். மனசு கேட்கவில்லை. போன அமாவாசையை ஒட்டி இரண்டு நாள் குளிர் காய்ச்சல். இடது தொடையிடுக்கில் நெறி கட்டி, அங்கிருந்து கால் வழியாகச் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. ரயில்வே ஆஸ்பத்திரியில் மிக்சர் கொடுத்தார்கள். இப்போது ஒன்றுமில்லை, துணி துவைக்கிறேன், சண்டை போடுகிறேன், எல்லாம் வழக்கம்போல்.

ஆனால் நீங்கள் எழுதிய ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கும் இதே மாதிரிதானே? ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் எனக்குப் போதும்.

ரோசரி

திருச்சி
14-7-1977

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம். உன் கடிதம் கண்டதும் சாப்பிடாமல் லேபுக்கு ஓடினேன். உன் படத்துக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "இந்தக் கால்லயா? ரோசரிக்கு வந்திருந்தா திருச்சியில எல்லாருக்கும் வந்திருக்கணும்" என்றார்.

முள்ளோ கல்லோ குத்தியிருக்கும், நீதான் வெறுங்காலோடு திரிகிறவளாயிற்றே. அந்த ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கும் ஒன்றுமில்லை, உனக்கும் ஒன்றுமில்லை. உனக்கு வராது. மாத்திரை மருந்து என்று எதையும் விழுங்கி வைக்காதே. என் கண்முன்னால் உன் கால் தொங்குகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்
பிலோமின்ராஜ்

ஜோலார்பேட்டை
28-12-1978

அன்புள்ள அண்ணனுக்கும் அம்மாவுக்கும் ரோசரி எழுதும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இருவரும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இதுதான் பதில். சோம்பேறி என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த வருடமும் பண்டிகைக்கு வர முடியவில்லை. ரயில் பாஸ் இருந்து என்ன, அவருக்கு டியூட்டி மாற்ற ஆள் இல்லை. அம்மாவிடம் அடுத்த வருடம் என்று சொல்லுங்கள். போன வருடமும் அதைத்தான் சொன்னேன், தெரியும்.

பார்சல் வந்தது. முறுக்கு பாதி உடைந்திருந்தது, உடைந்தால் ருசி போகுமா என்று அவரே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தாளில் வரைந்த அளவை இன்னும் பத்திரமாக வைத்திருந்து செருப்பு தைக்கக் கொடுத்தீர்களே, அதைப் பிரித்தவுடனே போட்டுப் பார்த்தேன். வலது கால் அச்சாகப் பொருந்துகிறது. கொலுசைக் கழற்றி வைத்துவிட்டேன், வேலைக்கு இடைஞ்சல்.

என் படம் இன்னும் அங்கேதான் மாட்டியிருக்கிறதா அண்ணா?

ரோசரி

ஜோலார்பேட்டை லோகோ ஷெட்
11-2-1979

மரியாதைக்குரிய மச்சானுக்கு விக்டர் எழுதுவது. உங்கள் நலமும் அத்தை நலமும் அறிய ஆவல். எனக்கு அதிகம் எழுத வராது. வீட்டில் எழுதினால் ரோசரி பார்த்துவிடுவாள் என்று ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்கு இடது கால் வீங்கிவிட்டது மச்சான். அந்த முதல் காய்ச்சலுக்குப் பிறகு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் போகும், வீக்கத்தில் கொஞ்சம் மட்டும் போகாது. இப்போது கணுக்கால் இருக்கும் இடம் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய செருப்பில் இடது கால் நுழையவே இல்லை. அக்கம்பக்கத்தில் பார்த்துவிடுவார்கள் என்று சேலையைத் தரையில் புரளக் கட்டுகிறாள். தண்ணீர் பிடிக்க விடியுமுன்னால் போகிறாள்.

உங்களுக்கு எழுதச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டேன். "அண்ணன் அந்தப் படத்தை நம்பிக்கிட்டு இருக்காங்க. லேபே அதை வச்சுத்தான் நடக்குது. நான் இந்தக் காலோட போய் நின்னா அவங்க மூஞ்சி என்னாகும்?" என்கிறாள். எனக்கு அவள் கால்தான் மச்சான் முக்கியம். ஊசியோ ஆபரேஷனோ இருந்தால் எழுதுங்கள், அடுத்த வண்டியில் கூட்டி வருகிறேன்.

தங்கள்
விக்டர்

திருச்சி
30-4-1979

அன்புத் தங்கை ரோசரிக்கு, அண்ணன் எழுதுவது. அம்மா சுகம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை எழுதிவிட்டார். அவர் மேல் கோபப்படாதே. கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. எழுத உட்காருவேன், கை ஓடாது.

கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு அந்த வெளிநாட்டுப் புத்தகத்தை எடுத்து உன் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு உன் படத்தை அவர் கையாலேயே கழற்றினார். நாங்கள் மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் முன்பே நோயால் உன் காலின் குழாய்கள் தடித்து வளையத் தொடங்கியிருக்கின்றன. அப்போது வீக்கம் இல்லை, வலி இல்லை, உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை. அந்த வளைவைத்தான் நம் ஊர்க் காலின் இயல்பு என்று நினைத்துவிட்டோம். கலீலின் காலும் அப்படித்தானே இருக்கிறது என்று நான் வாதாடினேன். கலீல் பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினார். "எனக்கும் ஒரு வருஷமா இருக்குங்க. நல்ல கால்னு நீங்க சொன்னதால வேற ஏதோன்னு இருந்துட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் ரெங்கநாயகியை அவள் அப்பா கூட்டி வந்தார். வலது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "நல்ல கால்னுதானே சொன்னேள்? அதை நம்பித்தானே முகூர்த்தத்துக்கு நாள் பார்த்தேன்" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க தங்கை சௌக்கியமா இருக்காளா?" என்றாள். நான் சௌக்கியம் என்று சொல்லிவிட்டேன்.

உன் படத்தை வைத்து இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோமோ தெரியாது. நல்ல கால் படங்களை எல்லாம் வெள்ளிக்குப் போட்டாயிற்று, பெயரும் ஊரும் அதன் உறையோடு போயின. பலர் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். மாத்திரை இருக்கிறது, உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லும், ஆரம்பத்தில் கொடுத்தால் தடுக்கவும் வாய்ப்பு உண்டு. வீங்கிய கால் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்துவிட்டுப் போ ரோசரி. அம்மா உன்னைப் பார்க்க வேண்டும்.

பிலோமின்ராஜ்

ஜோலார்பேட்டை
10-5-1979

அண்ணனுக்கு ரோசரி. நான் உயிரோடு இருக்கிறேன், அவரும் அப்படியே. அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்கள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. மறைக்க மாட்டேன் என்றீர்களே, நானும் மறைக்கவில்லை. "உனக்கு வராது" என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை ஒவ்வொரு காய்ச்சலிலும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். ரயில்வே டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோதுகூட, எங்கள் அண்ணன் வேண்டாம் என்றிருக்கிறார் என்று வாங்காமல் வந்தேன். அந்த நாளை நினைத்தால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழத்தான் முடிகிறது.

அப்புறம் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது. மறைத்தது நான். உங்கள் முகம் வாடக்கூடாது என்று இங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அங்கே என் காலைக் காட்டி ஒவ்வொருவரையும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். ஒன்று கேட்கிறேன், ஆறுதலுக்காகப் பொய் எழுதாதீர்கள். வீக்கம் வந்தவுடனே நான் எழுதியிருந்தால், மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்திருப்பீர்களா?

வரச் சொல்கிறீர்கள். இந்தக் காலோடு மேலப்புதூர் தெருவில் நடந்தால் அம்மாவைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் வரவில்லை. நீங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் போங்கள். வீடு வீடாகப் போய், நல்ல கால் என்று நீங்கள் திருப்பி அனுப்பியவர்களைத் தேடுங்கள்.

ரோசரி

திருச்சி
6-1-1980

அன்புத் தங்கைக்கு, புது வருட ஆசிகள். அம்மா படுத்தபடி இருக்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை மாதம் ஆயிற்று. கொடுத்திருப்போம் ரோசரி. எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்குக் கொடுத்திருப்போம். ஆனால் உன் மேல் பழி இல்லை. நெறி கட்டியது, சிவப்புக் கோடு இறங்கியது என்று முதல் கடிதத்திலேயே எழுதினாய். ரெங்கநாயகியும் லேபுக்கு வந்து காய்ச்சலையும் நெறியையும் வாயாலேயே சொன்னாள். நான் உன் கடிதத்தை நம்பாமல் படத்தை நம்பினேன்.

நானும் கலீலும் ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கம் போனோம். உத்தர வீதி, சித்திரை வீதி, வடக்கே கொள்ளிடக்கரை வரை கேட்டோம். "எங்காத்துல யாருக்கும் அப்படி ஒன்னும் இல்லை" என்ற பதில்தான். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஒரு ஜன்னலில் ஒரு அம்மாள் கலீலை அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டார். மாத்திரைப் பொட்டலங்களைப் போனபடியே திரும்பக் கொண்டுவந்தோம். ரெங்கநாயகிக்கு அந்த இடம் தட்டிப்போயிற்று. வீட்டுக்குள்ளேயே பூக்கட்டிக் கொடுக்கிறாள்.

லேபை மூடியாயிற்று. டாக்டர் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு மகளோடு பெங்களூர் போய்விட்டார். நான் பெரிய கடைவீதியில் ஒரு எக்ஸ்ரே கடையில் எலும்பு முறிவுகளைப் படம் எடுக்கிறேன். போகும்போது டாக்டர் உன் படத்தை என்னிடம் கொடுத்தார். நீ பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். இத்துடன் அனுப்புகிறேன்.

பிலோமின்ராஜ்

ஜோலார்பேட்டை
18-2-1980

அன்புள்ள அண்ணனுக்கு ரோசரியின் வணக்கம். அம்மா எப்படி இருக்கிறார்கள்? நான் மாத்திரை சாப்பிடுகிறேன், கால் அப்படியேதான் இருக்கிறது. அவர் நலம்.

படம் வந்து ஒரு மாதம் உறையைப் பிரிக்கவில்லை. பரணில் போட்டுவிட்டேன். சனிக்கிழமை சூரிய கிரகணம் அல்லவா? இங்கே பாதிப் பேர் கதவை அடைத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் எக்ஸ்ரே பிலிம் எங்கே கிடைக்கும் என்று அலைந்தார்கள். ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்து "சினிமாக்காரி படத்தைக் குடுங்கம்மா" என்றார்கள். பிரிக்காமலே கொடுத்தேன். குவார்ட்டர்ஸ் வரிசையே முற்றத்தில் நின்று மாற்றி மாற்றி என் காலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது. கடைசியில் அவர் என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். பகலில், எல்லோருக்கும் முன்னால், ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளியே வந்தேன். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே யாரும் பார்க்கவில்லை.

சூரியன் பிறை மாதிரி ஆகியிருந்தது. அதைவிட்டு நான் படத்தைத்தான் பார்த்தேன். எனக்கு அதெல்லாம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கோடுகூட நேராக இல்லை அண்ணா. பாகற்கொடி படர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நீங்கள் தினமும் இதைப் பார்த்தீர்கள். என் கால் என்பதால்தான் அது உங்களுக்கு நல்லதாகத் தெரிந்ததா? இதற்குப் பதில் எழுத வேண்டாம். தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்கும் உங்கள் மேல் கோபப்பட்டு அலுத்துவிட்டது. படம் எங்கேயோ போய்விட்டது, யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய செருப்பில் வலதை மட்டும் போட்டுத் தேய்த்துவிட்டேன். இடது இன்னும் புதிது. ரெங்கநாயகிக்கு வீங்கியது வலது கால்தானே? எங்கள் இருவருக்கும் ஒரே அளவு என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அவளிடம் கொடுத்துவிடுங்கள். பார்சலில் ஒற்றைச் செருப்புதான் இருக்கும், மற்றது தொலைந்துவிட்டதென்று தபால்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

உங்கள் தங்கை
ரோசரி